குடிசை நிற்கும் மண் யாருடையது?

ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா காசு. 1877-ல் சென்னை மாகாணத்தின் பஞ்ச நிவாரண வேலைகளில் பொழுதெல்லாம் மண் வெட்டிச் சுமந்த ஆணுக்குக் கிடைத்த நாள் கூலி இதுதான். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம் சொச்சம். கடப்பாரை பிடித்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கே காணாது என்பார்கள்.

இந்த அளவை வைத்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். பஞ்சத்தைப் பார்த்துவர வைஸ்ராய் லிட்டன் பிரபு அனுப்பிய தூதர். 1873-74 பீகார் பஞ்சத்தில் உயிர்களைக் காப்பாற்றப் பணத்தை வாரி இறைத்தார் என்று மேலிடத்தில் ஏச்சு வாங்கியவர். அந்தப் பெயரைக் கழுவ இங்கே கையை இறுக்கிப் பிடித்தார். அவரை எதிர்த்து நின்றவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். 1871-ல் இந்த மாகாணத்தில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவரும் இவரே. தலைகளை எண்ணியவருக்கு வயிறு எவ்வளவு கேட்கும் என்பதும் தெரிந்திருந்தது. உடம்பால் உழைப்பவனுக்கு ஒன்றரை பவுண்டு, அதாவது 680 கிராம் தானியமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் கூட வேண்டும் என்று வாதாடினார். மார்ச் மாதம் சென்னை அரசு பாதி தூரம் இறங்கி வந்தது. ஒன்றேகால் பவுண்டு தானியம், 43 கிராம் பருப்பு.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர்க் கால்வாய் அந்தப் பஞ்சத்தில் வெட்டப்பட்டதுதான். எண்ணூரையும் பழவேற்காட்டையும் தொட்டு வடக்கே போகும் பழைய கால்வாயோடு சேர்ந்து, முழுவதற்கும் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே நிலைத்துவிட்டது. வெட்டியவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் தின்ற அளவு மட்டும் கிராம் சுத்தமாக இருக்கிறது.

விக்டோரியா காலத்து வறுமை ஆராய்ச்சி என்றதும் படித்தவர்கள் லண்டனையும் யார்க் நகரத்தையும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் உயிர் வாழ ஒரு மனிதனுக்கு எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி, யார்க் நகரத்தில் கேட்கப்படுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த மாகாணத்தின் வேலைத் தளங்களில் தராசில் ஏறிவிட்டது. அதைவிடக் கூர்மையான இன்னொரு கேள்வி 1891-ல் எழுந்தது. எழுந்த இடம் செங்கல்பட்டு மாவட்டம். இன்றைய திருவள்ளூரும் பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. ஏழையின் குடிசை நிற்கும் மண் யாருடையது என்பது அந்தக் கேள்வி. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்குக் கீழே இன்றும் அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

லண்டனுக்கு வண்ணம் பூசியவர்

முதலில் லண்டனைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1849 அக்டோபரில் 'மார்னிங் கிரானிக்கிள்' நாளிதழுக்காக ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். 'பஞ்ச்' நகைச்சுவை இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். தள்ளுவண்டி வியாபாரி, துறைமுகக் கூலி, சாக்கடையில் பொறுக்கிப் பிழைப்பவர், தையல்காரப் பெண் என்று ஒவ்வொருவரிடமும் போய் என்ன சம்பாதிக்கிறாய், எதற்குச் செலவழிக்கிறாய், நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே எழுதினார். ஏழையை ஏழையே பேசவிட்ட அந்த எழுத்துக்கு நிகராகப் பிறகு வந்த புள்ளிவிவரங்களில் எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

அடுத்து வந்தவர் சார்லஸ் பூத். லிவர்பூல் கப்பல் முதலாளி, சோஷலிசத்துக்கும் அவருக்கும் வெகு தூரம். 1886-ல் தொடங்கி 17 ஆண்டுகள் தன் சொந்தக் காசைப் போட்டு லண்டனைத் தெருத் தெருவாக ஆராய்ந்தார். முடிவில் 17 தொகுதிகள் வந்தன. அவர் வரைந்த வரைபடம் இன்றும் பிரசித்தம். தெருக்களுக்குக் கறுப்பு, கருநீலம், இளநீலம், ஊதா, இளஞ்சிவப்பு, சிவப்பு, மஞ்சள் என்று ஏழு நிறம். மஞ்சள் தெருவில் பெரும் பணக்காரர்கள். கறுப்புத் தெருவில் கடைநிலை மக்கள். அவர்களைத் தீய ஒழுக்கமுள்ளவர்கள், அரைக் குற்றவாளிகள் என்றே குறிப்பு சொன்னது. வருமானத்தை அளக்க வந்தவர் நடத்தைக்கும் சேர்த்து மை பூசிவிட்டார். இந்தப் பழக்கம் கணக்கெடுப்பவர்களை இன்னும் விடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூத்தின் ஆட்கள் பெரும்பாலும் ஏழைகளிடம் பேசவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பள்ளி வாரிய ஊழியர்களிடம் பேசினார்கள். ஆனாலும் வந்த விடை ஆட்சியாளர்களை உலுக்கியது. லண்டன் மக்களில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். நடுத்தர அளவுள்ள குடும்பம் வாரம் 18 முதல் 21 ஷில்லிங் வரை சம்பாதித்தால் அது ஏழைக் குடும்பம் என்பது அவர் வைத்த கோடு. பின்னாளில் பேரறிஞராகப் பெயர் பெற்ற பீட்ரிஸ் வெப், அப்போது பீட்ரிஸ் பாட்டர், பூத்துக்காகத் துறைமுகக் கூலிகளை ஆராய்ந்தார். தொழிலாளி வேடத்தில் தையல் கடையில் வேலைக்கும் சேர்ந்தார். காலையில் துறைமுக வாசலில் நூற்றுக்கணக்கானவர்கள் முண்டியடிக்க, மேஸ்திரி கை காட்டிய சிலருக்கு மட்டும் அன்றைக்கு வேலை. சிப்காட்டில் கான்ட்ராக்ட் ஆளாக நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

யார்க் நகரத்துச் சாக்லேட் முதலாளி வீட்டுப் பிள்ளை சீபோம் ரவுண்ட்ரீ 1899-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். நகரத்தின் தொழிலாளர் குடும்பங்கள் 11,560, ஆட்கள் 46,754 பேர், அத்தனை வீட்டையும் எண்ணினார். உடம்பு இயங்கத் தேவையான உணவை விஞ்ஞானிகள் சொன்ன அளவில் கணக்கிட்டு, பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் என்று கோடு போட்டார். கசாப்புக் கடைப் பக்கமே போகாத கணக்கு அது. ரயில் ஏறக் கூடாது, பத்திரிகை வாங்கக் கூடாது, ஊரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போடக் கூடாது. அப்படியும் நகர மக்களில் 27.84 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். அந்தக் கோட்டைக்கூடத் தொட முடியாத அடிமட்ட ஏழைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் நிலைக்குக் காரணம் குடியோ சோம்பலோ இல்லை. வேலை இருந்தும் கூலி போதவில்லை. குடிச்சே அழிஞ்சாங்க என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அந்தப் பேச்சை 1901-லேயே ஒரு முதலாளி மகன் எண்களைக் கொண்டு அடைத்துவிட்டார்.

அவர் புத்தகம் வந்த அதே 1901-ல் லண்டனில் இன்னொரு வறுமைப் புத்தகமும் வந்தது. எழுதியவர் தாதாபாய் நௌரோஜி. 1892-ல் லண்டனின் சென்ட்ரல் பின்ஸ்பரி தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர். பூத் வண்ணம் பூசிக்கொண்டிருந்த தெருக்களில் ஓட்டுக் கேட்டு நடந்தவர். கப்பலேறிப் போகும் கூலிகளுக்கு அரசு மருத்துவ ஆய்வாளர் விதித்த உணவளவையும், சிறையில் கைதிக்கு ஆகும் செலவையும் எடுத்து வைத்து, ஓர் இந்தியனின் ஆண்டு வருமானம் வெறும் 20 ரூபாய் என்று அவர் 1876-லேயே காட்டியிருந்தார். சிறைக் கைதிக்கு அரசு போடும் சோறு கூட வெளியில் இருக்கும் குடியானவனுக்கு இல்லை என்பது அவர் வாதம். அளவுகோலைச் சர்க்காரிடமிருந்தே வாங்கிச் சர்க்காரை அளந்த சாமர்த்தியம் அது.

செங்கல்பட்டுக் கலெக்டரின் குறிப்பு

இனி நம் மண்ணுக்கு வருவோம். கணக்கெடுப்பு இங்கே புதிதில்லை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களை அளந்தபோதே எந்த ஊரில் எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில் என்பதெல்லாம் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அது வரிக்காக எழுதப்பட்ட கணக்கு. ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான் என்று கேட்டு எழுதியது 1891-ல் கலெக்டர் பொறுப்பில் இருந்த ஜே. எச். ஏ. டிரெமென்ஹீர். செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றிய அவருடைய குறிப்பு, பூத்தின் முதல் தொகுதி வந்து இரண்டே ஆண்டுகளில் அரசு மேசைக்குப் போனது.

குடிசை, உணவு, உடை, கூலி, கடன், நோய், எழுத்தறிவு என்று எல்லாமே குறிப்பில் உண்டு. அவற்றை மட்டும் படித்தால் இன்னொரு இரக்க அறிக்கை என்று வைத்துவிடலாம். அவர் பிடித்த நுனி வேறு. செங்கல்பட்டில் மிராசு முறை இருந்தது. ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை கொண்டாடிய மிராசுதாரர்கள், உழுத நிலத்துக்கு மட்டும் சொந்தம் கொண்டாடவில்லை. தரிசும் எங்களுடையது, குடியிருப்பு நத்தமும் எங்களுடையது என்றார்கள். தரிசு நிலம் வேண்டுமானால் தாசில்தாரிடம் தர்காஸ்து என்ற விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நிலமில்லாத பண்ணையாளான படியாள் ஒருவர் துணிந்து கொடுத்தாலும், ஊரில் ஏற்கெனவே பாத்தியதை உள்ளவருக்கே முன்னுரிமை என்று விதி இருந்தது. மிராசுதாரர் எனக்கே வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருக்குப் போய்விடும். அவர் பயிரிட வேண்டும் என்பதில்லை. படியாளுக்குக் கிடைக்காமல் போனால் போதும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? சொந்தமாக அரை ஏக்கர் இருக்கிறவன் அடுத்தவன் வயலுக்கு அழைத்த நேரத்துக்கு வர மாட்டான். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சில ரூபாய்க் கடனுக்குத் தன்னையும் பிள்ளையையும் அடகு வைத்துப் படியாளாக நிற்க மாட்டான். அதற்கும் மேலே ஒரு பூட்டு இருந்தது. சேரியில் அவன் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாரருடையது என்பதே வழக்கம். முறைத்தால் வேலையோடு வீடும் போகும். கூலி குறைவு, கடன் அதிகம் என்பதெல்லாம் கிளைகள். வேர் காலடியில் இருந்தது. இதை ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் எழுதினார் என்பதைவிட, இப்படி எழுதிய அதிகாரிகள் மிகச் சிலரே என்பதுதான் நம்மை யோசிக்க வைக்கிறது.

குறிப்பு தனி மனிதர் வேலை இல்லை. திருவள்ளூரை ஒட்டிய இக்காட்டில் வெஸ்லியன் மிஷன் நடத்திய வில்லியம் கௌடியும், செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூவும் ஊர் ஊராகப் பார்த்ததை எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு மதம் பரப்பும் கணக்கும் இருந்தது என்பது உண்மை. மாகாண வருவாய் வாரியம் இதெல்லாம் மிகை என்றது. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010-ஏ எண் அரசாணைகள் வந்தன. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கலாம், பத்தாண்டுகள் கைமாற்றக் கூடாது, பிறகும் அதே மக்களுக்குள்தான் மாற்றலாம் என்ற நிபந்தனை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் பெரும்பகுதி யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பது ஊரறிந்த கதை. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். 1891-ல் எழுதப்பட்ட குறிப்பின் அடுத்த பக்கம் என்று அதைச் சொல்லலாம்.

லண்டனுக்கும் செங்கல்பட்டுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பூத்தின் கறுப்புத் தெருக்காரர்கள் தங்களைப் பற்றி எழுதியவர்களுக்குப் பதில் எழுதவில்லை. இங்கே எழுதினார்கள். இதே செங்கல்பட்டு மண்ணில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' என்று பெயர் வைத்தே பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசர் 1891-ல் திராவிட மகாஜன சபையைக் கூட்டித் தீர்மானங்கள் போட்டார். ஆராயப்பட்டவர்களே ஆராய்ச்சியின் மேல் பேச்சு தொடுத்த அந்தக் காலம் பற்றி நம் பாடப் புத்தகங்களில் நாலு வரி வந்தாலே அதிசயம்.

1920-ல் சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டு மனையும் பள்ளியும் கிணறும் கொடுப்பதற்கென்று ஓர் இலாகா வந்தது. அதன் பெயர் லேபர் டிபார்ட்மென்ட். ஆலைத் தொழிலாளர் விவகாரத்தையும் சேரி மனை விவகாரத்தையும் ஒரே லேபர் கமிஷனர் பார்த்தார். பெரம்பூர் பின்னி ஆலையின் ஆட்களில் பலர் எந்தச் சேரியிலிருந்து வந்தவர்கள் என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது போலும். பிற்காலத்தில் இரண்டையும் இரண்டு துறையாகப் பிரித்தோம். பிரித்ததில் வீட்டுக்கும் வேலைக்கும் இருந்த முடிச்சு யார் கோப்பிலும் இல்லாமல் போனது.

கலோரியும் கெஜமும்

வயிற்றுக் கேள்வி தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரி முதல்வராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். கிழக்கு லண்டன் பக்கத்து வுல்விச்சின் மேயராக இருந்தவர். மாணவர்களைக் கேள்வித்தாளோடு அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பிக் கணக்கெடுத்து, 1918-ல் தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய தொகுப்பை வெளியிட்டார். அவற்றில் சில ஊர்களை அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப ஆராய்ந்தார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு அப்படிப்பட்ட ஊர். கும்மிடிப்பூண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

குன்னூர் உணவு ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராக 1935 முதல் 1945 வரை இருந்த டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு உழைக்கும் ஆளுக்கு 2,700 கலோரி என்று கணக்குச் சொன்னார். 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு அதை எடுத்துக்கொண்டது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து மூன்று நுகர்வு அலகு. அவர்களுக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. விறகும் விளக்கும் இதரச் செலவும் சேர்த்து 20 சதவீதம். அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டம் வசூலிக்கும் குறைந்தபட்ச வாடகை. இதுதான் குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல். சென்னை ரெப்டகோஸ் பிரட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல் படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்கு இன்னொரு 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. 2011-ல் திட்டக் குழு நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய் போதும் என்று அதே நீதிமன்றத்தில் சொல்லி நாடே சிரித்தது. டெம்பிளின் தராசு டெல்லியில் பத்திரமாக இருந்திருக்கிறது.

இத்தனை சூத்திரங்களிலும் வீட்டுக்கு என்ன இடம் என்று பாருங்கள். ஊதியச் சட்டத் தொகுப்புக்காக 2020-ல் வெளியான வரைவு விதிகளில் வாடகைக்கு ஒதுக்கியது, உணவு துணிச் செலவில் 10 சதவீதம். அந்தக் காசுக்குக் கும்மிடிப்பூண்டியில் கழிப்பறை உள்ள ஒற்றை அறை கிடைக்குமா என்று வீடு தேடி அலைந்தவர்கள் சொல்லட்டும்.

தேர்வாயில் தொடங்கி சூளை வரை

சென்னையிலிருந்து புறநகர் மின்ரயிலில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் சிப்காட் பக்கம்தான். இரும்பை உருக்கி உருட்டும் ஆலைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், அசாம் ஆட்கள். 2015-16 வாக்கில் தொழிலாளர் துறை எடுக்கச் செய்த கணக்கில் தமிழ்நாடு முழுக்க வெளிமாநிலத் தொழிலாளர்கள் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். அதிகம் பேர் இருந்த மாவட்டங்களில் திருவள்ளூரும் ஒன்று.

அவர்கள் தங்கும் இடங்கள் இரண்டு வகை. ஆலை வளாகத்துக்குள்ளேயே கான்ட்ராக்டர் போட்ட தகரக் கூரை ஷெட் ஒன்று. ஊருக்குள் வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடு மற்றொன்று. பகல் ஷிப்ட் ஆள் எழுந்த பாயில் இரவு ஷிப்ட் ஆள் படுக்கிறார். லைன் வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர் பெரும்பாலும் நேற்றுவரை விவசாயக் கூலியாக, சிறு விவசாயியாக இருந்த உள்ளூர்க்காரர். நிலத்தை ஆலைக்குக் கொடுத்த பிறகு மிச்சம் இருக்கும் கொல்லைதான் அவருக்கு வருமானம். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஷெட்டில் இருப்பவரின் நிலைமை 1891-ன் படியாள் நிலைமைதான். வேலை போனால் அன்றிரவே கூரையும் போகும். கான்ட்ராக்டரிடம் சம்பளப் பாக்கியைக் கேட்க வாய் வராததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். 2020 ஊரடங்கில் ஆலைகள் நின்றதும் கும்மிடிப்பூண்டி வழியே போகும் நெடுஞ்சாலையில் எளாவூர் பக்கம், ஆந்திர எல்லை நோக்கி, மூட்டையோடு நடந்தவர்களைப் பார்த்தோம். சாப்பாடு இல்லாமல் மட்டும் அவர்கள் புறப்படவில்லை. இருக்க இடம் இல்லை.

சூளைகளில் இன்னும் இறுக்கம். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆள் பிடிக்கும் தரகரான சர்தார் ஊரிலேயே முன்பணம் கொடுத்துவிடுவார். அறுவடை முடிந்து புறப்பட்டு, பச்சைக்கல் அறுத்து, ஜூன் மழைக்கு முன் திரும்புவார்கள். அறுத்த கல்லையே அடுக்கி, மேலே ஓலையோ தகரமோ போட்டால் வீடு. குனிந்துதான் நுழைய முடியும். வாடகை கிடையாது. வாடகை இல்லாத அந்தக் குடிசைதான் பூட்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. 2011-ல் இந்த மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஒரே சமயத்தில் 500-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். செங்குன்றம் அரிசி ஆலைக் களங்களில் நெல் அவித்துக் காய வைத்த இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட கதையும் இப்படித்தான். ஆலைக்குள்ளேயே வீடு, வாங்கிய முன்பணம், வெளியே போகக் கேட்.

உள்ளூர் ஏழைக்கு மண் கிடைத்ததா? தேர்வாய்கண்டிகையைப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி தாலுகாவில் தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அங்கே ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்குப் போனது. ஆடு மாடு மேய்த்தோம், மூலிகை பறித்தோம், ஏரிக்குத் தண்ணீர் வந்த வழி அது என்று மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2009-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி இன்று அங்கே மிஷெலின் டயர் ஆலை நிற்கிறது. நிறுவனம் அரசு கொடுத்த இடத்தில் கட்டியது. நான் கேட்பது அரசை. தரிசு நிலத்தை நிலமற்றவருக்கு முதலில் கொடு என்று இதே மாவட்டத்திலிருந்து கலெக்டர் எழுதி 118 ஆண்டுகள் ஆன பிறகும், புறம்போக்கு என்றால் அதை அனுபவிக்கும் ஏழைக்கு ஒரு சொல்லுக்கும் உரிமை இல்லை என்பது எந்தக் காலத்து நியாயம்? பழைய தர்காஸ்து விதியில் மிராசுதாரர் இருந்த இடத்தில் இப்போது சிப்காட் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கும்மிடிப்பூண்டியில் இன்னொரு கூரையும் உண்டு. 1990-லிருந்து இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம். பத்துக்குப் பத்தடி அறையில் பிறந்த பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளை இருக்கிறது. ஆண்கள் பலர் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார்கள். 2021-ல் அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, மாநிலம் முழுக்க 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. வீடு அவர்களுக்கு, மனை அரசுக்கு.

வயிற்றுக் கேள்விக்கு ஓரளவு பதில் வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் எந்த மாநிலத்து அட்டையைக் காட்டினாலும் ரேஷன் அரிசி வாங்கலாம். கார்னிஷ் கேட்ட 680 கிராமில் ஒரு பங்காவது தட்டுத் தடுமாறிக் கிடைக்கிறது. டிரெமென்ஹீர் கேட்டதைக் கணக்கெடுக்கக்கூட நம்மிடம் சரியான கட்டம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் வீட்டைப் பற்றிய உரிமைக் கேள்விக்கு மூன்றே விடை. சொந்தம் 1, வாடகை 2, மற்றவை 3. வாடகை வாங்காமல் முதலாளி குடிவைத்த சூளைக் குடிசை, ஆலைக்குள் இருக்கும் தகர ஷெட், புறம்போக்குக் கூரை எல்லாம் அந்த மூன்றாம் எண்ணுக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. யாருடைய மண், யார் சொன்னால் காலி செய்ய வேண்டும் என்று கேட்க அங்கே வரி இல்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணப் போவது 2027 பிப்ரவரியில். பிப்ரவரி என்றால் சூளைகளில் கல் அறுக்கும் பருவம். ஒடிசாக் குடும்பங்கள் அப்போது ஊரில் இருக்க மாட்டார்கள், இங்கேதான் இருப்பார்கள். ஷெட் ஆட்களும் இங்கேதான். எண்ண வருகிறவர் பெரும்பாலும் உங்கள் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியராகத்தான் இருப்பார். அவர் உங்கள் வாசலுக்கு வரும்போது, லைன் வீட்டைக் காட்டி, அங்கே இந்திக்காரங்கதான் சார், எழுத வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கூடவே நடந்து போய்க் கதவைத் தட்டுங்கள். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்குகிறவராக இருந்தால், மாலையில் வரச் சொல்லுங்கள்.